பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: துருவை நீக்குவதும் புளூயிங்கைக் காப்பதும்

துப்பாக்கிக் குழலின் வெளிப்புறத்தில் தெரியும் கருநீல நிறம், அதாவது புளூயிங், வண்ணப்பூச்சு அல்ல. அது இரும்பின் மேற்பரப்பிலேயே உருவாக்கப்பட்ட, சில மைக்ரான்களுக்கு மேற்படாத கனமுள்ள ஓர் ஆக்சைடு படலம். வேதியியலில் அதை மேக்னடைட் என்பார்கள். குழலை அரிக்கும் செந்துருவும் இரும்பு ஆக்சைடுதான். செந்துரு நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு தனக்குக் கீழே உள்ள இரும்பை மேலும் மேலும் துருவாக்கிக்கொண்டே போகும். கருநீலப் படலமோ நெருக்கமானது. இரும்போடு ஒட்டி நிற்கும். எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம். ஏனெனில் செந்துருவைக் கரைக்கும் வினிகரும் எலுமிச்சைச் சாறும் அதே வேகத்தில் கருநீலத்தையும் கரைத்துவிடும். செந்துருவைச் சுரண்டும் உப்புத்தாள் கருநீலத்தையும் சேர்த்தே சுரண்டும்.

இந்தக் கட்டுரை இங்கிலாந்து பாணியில் அமைந்த, அருகருகே இரண்டு குழல்களைக் கொண்ட 12 போர் (குழல் துளையின் அளவு) துப்பாக்கியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. தோட்டப் பகுதிகளிலும் கிராமங்களிலும் தலைமுறை கடந்து உரிமத்தோடு வைத்திருக்கும் குடும்பங்களிடம் இன்றும் இருப்பது பெரும்பாலும் இவ்வகையே. இதற்கென்றே உரிய, மெதுவாகத் துருப்பிடிக்கவைத்து நிறமேற்றும் பழைய முறை ஒன்றும் இருக்கிறது. மற்ற வகைத் துப்பாக்கிகளுக்கும் துரு நீக்கும் பகுதி பொருந்தும்.

முதலில் பாதுகாப்பும் சட்டமும்

துப்பாக்கியைத் திறந்து, இரண்டு அறைகளிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்த பிறகே எந்த வேலையையும் தொடங்க வேண்டும். தோட்டாக்கள் வேலை நடக்கும் அறையிலேயே இருக்கக் கூடாது. குழலின் வாய்ப்பக்கமாக உள்ளே பார்ப்பதாக இருந்தால், குழல்களை, அவை பூட்டப்பட்டிருக்கும் சுடும் பொறிப் பகுதியான ஆக்‌ஷனிலிருந்து கழற்றிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி தயாரிப்பதையும் விற்பதையும் போலவே பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. துடைப்பதும் எண்ணெய் இடுவதும் மேல்துருவை நீக்குவதும் உரிமையாளர் செய்யும் அன்றாடப் பராமரிப்பு. முழு மறுமெருகு என்று வரும்போது உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் பேசி, அவர் வழியாகச் செய்வதே சரியானது. அப்போதும் கீழே சொல்லப்படும் படிகள் பயன்படும். என்ன செய்யச் சொல்ல வேண்டும், எதைச் செய்யவிடக் கூடாது என்பதை அறியாமல் பழைய குழல்களைப் பட்டறையில் ஒப்படைப்பது அவற்றுக்குச் செய்யும் அநீதி. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியின் பெயர், எண், அடையாள முத்திரை ஆகியவற்றை அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. ஆகவே எண் பொறித்த இடத்தில் உப்புத்தாள் படவே கூடாது. துரு நீக்குகிறேன் என்று எண்ணைத் தேய்த்து மழுங்கச் செய்தவர் சட்டத்தின் முன் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

துரு வராமல் காப்பது

காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போது, இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென ஏறுகிறது. மேற்பரப்பில் உப்பு படிந்திருந்தால் அதைவிடக் குறைந்த ஈரப்பதமே போதும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி இந்த வரம்புக்கு மேலேயே கழிகிறது. காற்றிலேயே உப்பும் இருக்கிறது. வால்பாறை போன்ற மலைப்பகுதிகளில் உப்பு இல்லாவிட்டாலும், தென்மேற்குப் பருவமழை மாதங்களில் வீட்டுக்குள் துணி காய்வதே அரிது. இவற்றோடு நம் கை வியர்வையும் சேர்கிறது. வியர்வையில் உள்ள குளோரைடு உப்பால், தொட்ட விரல்களின் அடையாளம் இரண்டொரு நாளில் துருவாகவே குழலில் பதிந்துவிடுவதைக் காணலாம். எனவே துப்பாக்கியைக் கையில் எடுத்த ஒவ்வொரு முறையும், உள்ளே வைக்கும் முன் எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணியால் உலோகப் பகுதி முழுவதையும் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். நான் அறிந்த வரையில் இந்த ஒரு பழக்கத்துக்கு ஈடான காப்பு வேறில்லை.

எந்த எண்ணெய் என்ற கேள்வி அடுத்து வருகிறது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். தாவர எண்ணெய்கள் காற்றோடு வினைபுரிந்து பிசுபிசுப்பாகி இறுகும்; கெட்டுப்போன எண்ணெயில் உருவாகும் கொழுப்பு அமிலங்கள் உலோகத்துக்கு நல்லவை அல்ல. துப்பாக்கிக்கென்று விற்கும் கனிம எண்ணெய் சிறந்தது. ஜெர்மனியில் 1904 முதல் தயாரிக்கப்படும் பாலிஸ்டால் கிடைத்தால் அது மரத்துக்கும் கெடுதல் செய்யாது. எதுவும் கிடைக்காத இடத்தில் தரமான தையல் மெஷின் எண்ணெயும் குறுகிய காலத்துக்குப் போதும். டபிள்யூடி-40 பலர் வீட்டில் இருக்கும். 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் அது உருவாக்கப்பட்டதே நீரை விரட்டுவதற்காகத்தான். மழையில் நனைந்த குழலிலிருந்து ஈரத்தை வெளியேற்ற அது மிகவும் நல்லது. ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது. மாதக்கணக்கில் காக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்காமல், துடைத்துவிட்டு மேலே சரியான எண்ணெயை இட வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறையே வெளியே எடுக்கும் துப்பாக்கிக்கு நுண்படிக மெழுகு மிகவும் ஏற்றது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான ரெனசான்ஸ் மெழுகு அந்த வகையைச் சேர்ந்தது. சிறிதளவு எடுத்து மெல்லியதாகப் பூசித் துணியால் மெருகேற்றினால், கைரேகை உலோகத்தைத் தொடாமல் காக்கும்.

எண்ணெய் அதிகமானாலும் கேடுதான். குழல் மேல்நோக்கி நிற்கும்படி துப்பாக்கியைச் சாய்த்து வைத்தால், உபரி எண்ணெய் மெல்ல வடிந்து ஆக்‌ஷன் வழியாகப் பின்கட்டையின் தலைப்பகுதிக்குள் இறங்கும். சில ஆண்டுகளில் அந்த வால்நட் மரம் கறுத்து மென்மையாகிவிடும். இரவு முழுவதும் குழல்வாய் கீழ்நோக்கி நிற்க வைத்து, வடிந்ததைத் துடைத்துவிட்டுப் பிறகு உள்ளே வைக்கும் பழைய பழக்கம் இதற்காகவே ஏற்பட்டது.

வைக்கும் இடமும் முக்கியமானது. தோல் உறையிலோ துணி உறையிலோ துப்பாக்கியை நிரந்தரமாக விட்டுவைப்பது மிகப் பெரிய தவறு. உறை என்பது எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பதனிட்ட தோலில் எஞ்சிய அமிலமும் உப்பும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பஞ்சு அடைத்த பெட்டிகளும் அப்படியே. பூட்டிய இரும்பு அலமாரியில், காற்று சற்றே சுற்றிவர இடம் விட்டு வைத்து, அதனுள் ஓர் ஈரப்பதமானியையும் சிலிகா ஜெல் பொட்டலங்களையும் வைக்க வேண்டும். ஈரப்பதம் 45 முதல் 50 விழுக்காடு வரை இருந்தால் இரும்புக்கும் நல்லது, மரத்துக்கும் நல்லது. மிகவும் உலர்ந்தால் கட்டை வெடிக்கும். நிறம் மாறிய சிலிகா ஜெல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சுமார் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓரிரு மணி நேரம் வைத்தால் ஈரத்தை விட்டுவிட்டு மீண்டும் பயன்படும். சமையலுக்கு வைத்திருக்கும் அடுப்பை இதற்குப் பயன்படுத்தக் கூடாது; நிறங்காட்டும் நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது.

நம் வீடுகளில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கழிப்பறை கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர், இன்வெர்ட்டர் பேட்டரி ஆகியவை இருக்கும் அறையிலோ அதற்குப் பக்கத்திலோ துப்பாக்கி அலமாரி இருக்கக் கூடாது. மூடிய புட்டியிலிருந்தும் கசியும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி, எண்ணெய் தடவிய இரும்பையும் சில வாரங்களில் செந்நிறமாக்க வல்லது. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பத் துருப்பிடிக்கிறது என்று வருந்துபவர்கள் முதலில் அந்த அறையில் என்னென்ன புட்டிகள் இருக்கின்றன என்று பார்ப்பது நல்லது.

சுடுவதற்குப் பயன்படுத்திய பிறகு செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. இன்றைய புகையற்ற வெடிமருந்துத் தோட்டாக்கள் உப்பு விடுவதில்லை என்றாலும், பிளாஸ்டிக் அடைப்பின் படிவு உட்குழலில் ஒட்டி, அதன் அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வெண்கலத் தூரிகையால் அதை எடுத்துவிட வேண்டும். பழைய இராணுவத் தோட்டாக்களில் உள்ள பொட்டாசியம் குளோரேட்டு எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாகப் படியும். அது எண்ணெயில் கரையாது; வெந்நீரில் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் இட வேண்டும். புகை மிகும் பழைய வெடிமருந்தான கரிமருந்துக்கும் இதே வழிதான்.

இருக்கும் துருவை நீக்குவது

குழல்களுக்கு அடியில் இருக்கும் மரமான முன்கட்டையைக் கழற்றி, துப்பாக்கியைத் திறந்து, குழல்களை ஆக்‌ஷனின் கீலிலிருந்து எடுத்துவிட வேண்டும். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. இதற்கு மேல் கழற்றுவது புதியவரின் வேலை அல்ல. ஆக்‌ஷனின் திருகுகள் மிக மெல்லிய வெட்டு உள்ளவை, சாதாரண ஸ்க்ரூடிரைவர் அவற்றின் தலையை ஒரே திருப்பலில் சிதைத்துவிடும். குழலைக் கழற்றியதும் முன்கட்டைக்குள் மறைந்திருந்த பகுதியையும், குழல்களின் பின்முனைக்கு அடியில் உள்ள தட்டையான பரப்பையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெளியே பளபளக்கும் துப்பாக்கியில்கூட மோசமான துரு மரத்துக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். அந்தத் தட்டைப் பரப்பில்தான் குழலின் உறுதியைச் சோதித்துச் சான்றளிக்கும் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் முத்திரைகளும் இருக்கும். பர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. கரிமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்ட குழல்களில் இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது என்பதால், துரு நீக்கும்போது அந்த முத்திரைகளைப் படித்துத் தெரிந்துகொள்வதும் ஒரு பயன்.

மேலாகப் படிந்த புதிய துருவுக்கு எண்ணெயும் 0000 எண் ஸ்டீல் வுல்லும் (மிக நுண்ணிய எஃகு நார்) போதும். துரு உள்ள இடத்தில் எண்ணெயைத் தாராளமாக இட்டு, சில மணி நேரம் ஊறவிட்டு, குழலின் நீளவாக்கில் மட்டும், விரலின் எடைக்கு மேல் அழுத்தம் கொடுக்காமல் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் செம்மண் நிறம் வருகிற வரையில் துரு வருகிறது. கருமை வரத் தொடங்கினால் புளூயிங் போகத் தொடங்கியிருக்கலாம், நிறுத்திவிட வேண்டும். பாத்திரம் துலக்கும் கம்பி நார் இதற்கு மாற்று ஆகாது. அதன் இழைகள் தடித்தவை. ஒரே தேய்ப்பில் கீறல் விழும்.

தடித்துப் பொரிந்த சிறு புள்ளிகளைச் செம்பால் சுரண்டலாம். செம்பு எஃகைவிட மென்மையானது. துருவை உடைக்கும், குழலைக் கீறாது. வெளிநாட்டவர் பலர் இதற்குப் பழைய செம்புக் காசைப் பயன்படுத்துகிறார்கள். நம்மிடம் இன்று புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை என்பதால் அவற்றைக் குழலின் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. மின்வேலைக்காரர்கள் பயன்படுத்தும் தடித்த செம்புக் கம்பியின் நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, எண்ணெய் இட்ட இடத்தில் மெல்லச் சுரண்டினால் அதே வேலை நடக்கும்.

இவற்றுக்கும் அடங்காமல் குழல் முழுவதும் செந்துரு பரவியிருந்தால், பெரும்பாலோர் அமிலத்தையோ எமரித் தாளையோ தேடுவார்கள். அந்த இடத்தில்தான் கொதிநீர் முறையைப் பரிந்துரைக்கிறேன். நீரில் கொதிக்கவைக்கும்போது செந்துரு மெல்ல மேக்னடைட்டாக மாறுகிறது. அதாவது, எதிரியாக இருந்த படலம் காவல் படலமாகிறது. எஞ்சியிருக்கும் பழைய புளூயிங் இதனால் பாதிக்கப்படுவதில்லை, இரும்பிலிருந்தும் எதுவும் குறைவதில்லை. அருமையான வழி இது. செலவும் மிகக் குறைவு.

குழல்கள் முழுதாக மூழ்கும் நீளமான தொட்டி ஒன்று வேண்டும். 28 அல்லது 30 அங்குலக் குழலுக்குச் சுமார் 90 சென்டிமீட்டர் நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி பொருந்தும். அடியில் இரண்டு அடுப்புகள் தேவைப்படும். நீர் உப்பற்றதாக இருக்க வேண்டும். போர்வெல் நீரோ குழாய் நீரோ வெண்புள்ளிகளையும் புதிய துருவையும் விட்டுச்செல்லும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே சரியானது. குழல்களின் உள்ளும் புறமும் உள்ள எண்ணெயைச் சோப்பு நீராலும் பிறகு அசிட்டோனாலும் முழுவதும் நீக்கிவிட்டு, அதன் பின் கையுறை இல்லாமல் தொடாமல், கொதிக்கும் நீரில் இருபது முதல் முப்பது நிமிடம் வைக்க வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அதைக் கையாளும் இடம் அடுப்பிலிருந்து வெகு தொலைவில், காற்றோட்டத்தோடு இருக்கட்டும்.

இரட்டைக்குழலுக்கே உரிய ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு குழல்களையும் இணைக்கும் மேல் ரிப்பும் கீழ் ரிப்பும் (நீண்ட உலோகப் பட்டைகள்) ஈயப்பற்றால் ஒட்டப்பட்டவை. அவற்றுக்கு நடுவே வெற்றிடம் உண்டு. ஈயப்பற்று 180 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் கொதிநீரின் 100 டிகிரி அதை ஒன்றும் செய்யாது. ஆனால் ரிப் எங்காவது விட்டுப்போயிருந்தால், வெந்நீரில் இறக்கியதும் அந்த இடத்திலிருந்து வரிசையாகக் குமிழ்கள் கிளம்பும். அப்படிக் கண்டால் உடனே வெளியே எடுத்து, அந்த வெற்றிடம் முழுவதும் உலரும்வரை சூடான இடத்தில் வைத்து, துப்பாக்கிக் கைவினைஞரிடம் காட்ட வேண்டும். உள்ளே தங்கிய நீர் வெளியே தெரியாமல் குழல்களை நடுவிலிருந்து அரித்துவிடும்.

வெளியே எடுத்ததும் குழல் தன் வெப்பத்திலேயே நொடிகளில் உலர்ந்துவிடும். செந்நிறம் இருந்த இடங்களில் மிருதுவான கரும்பொடி படிந்திருக்கும். எண்ணெய் நீக்கிய 0000 ஸ்டீல் வுல்லால் அதை மெல்லத் தேய்த்தெடுக்க வேண்டும். கடையில் வரும் ஸ்டீல் வுல்லில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், ஆகவே அதையும் அசிட்டோனில் அலசி உலர்த்திக்கொள்ள வேண்டும். தேய்த்த பிறகு செம்மை எஞ்சியிருந்தால் மீண்டும் கொதிக்கவைத்து மீண்டும் தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றுகளில் பெரும்பாலும் செம்மை மறைந்துவிடும். துரு அரித்த குழிகள் குழிகளாகவே இருக்கும். ஆனால் அவற்றின் அடியில் இனி துரு வளராது. முடிந்த உடனே, குழல் சூடாக இருக்கும்போதே எண்ணெய் இட வேண்டும்.

கடைகளில் விற்கும் துரு நீக்கும் திரவங்கள், வினிகர், பாஸ்பாரிக் அமிலம் ஆகியவை புளூயிங் ஏற்கெனவே முற்றும் அழிந்த பாகங்களுக்கு மட்டுமே. சலவைச் சோடா கரைசலில் மின்சாரம் செலுத்தித் துரு நீக்கும் முறையும் அப்படிப்பட்ட தனிப் பாகங்களுக்கு உதவும். அதில் பாகம் எதிர்முனையில் இருக்க வேண்டும். நேர்முனைத் தகடாகச் சாதாரண இரும்பையே வைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகை வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கரைசலில் இறங்கும். சுருள்வில்களையும் பட்டைவில்களையும் அதில் போடவே கூடாது. ஹைட்ரஜன் உட்புகுந்து கடினமான எஃகை நொறுங்கச் செய்யும்.

உட்குழலைப் பற்றி ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் ஊறவைத்து வெண்கலத் தூரிகையால் தேய்த்த பிறகும், விளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் பார்க்கும்போது கரும்புள்ளிகளாகக் குழிகள் தெரிந்தாலோ, வளையம்போல் ஒரு நிழல் தெரிந்தாலோ, அந்தக் குழலின் சுவர்க்கனத்தைத் தேர்ந்த கைவினைஞர் அளந்து சொல்லும்வரை சுடக் கூடாது. வளைய நிழல் பெரும்பாலும் குழல் உப்பியதன் அடையாளம். உட்புறத்தைத் தாமே தேய்த்துப் பளபளப்பாக்க முயல்வது ஏற்கெனவே மெலிந்த சுவரை மேலும் மெலியச் செய்யும் அபாயமான வேலை.

மறுபடி புளூயிங் செய்வது

முதலில், செய்யத்தான் வேண்டுமா என்று பாருங்கள். தேய்ந்தாலும் தொழிற்சாலையிலிருந்து வந்த நிறம் எஞ்சியிருக்கும் நல்ல துப்பாக்கியின் மதிப்பு, புதிதாக மெருகேற்றினால் பெரும்பாலும் குறையும். ஆக்‌ஷனின் பக்கங்களில் நீலமும் பழுப்பும் சாம்பலும் கலந்து தெரியும் நிறக்கோலம் கடினமாக்கிய எஃகின் மேற்பரப்பில் உண்டானது. அதைத் தேய்த்தெடுத்தால் வீட்டில் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. அதற்கு எண்ணெயும் மெழுகும் போதும். இனி சொல்லப்படுவது நிறம் முற்றும் போன குழல்களுக்கு மட்டுமே.

முறைகள் பல உண்டு. துணியில் தொட்டுத் தடவும் குளிர் புளூயிங் திரவம் செலினியம் சேர்மங்களால் ஆனது, நச்சுத்தன்மை உள்ளது. சிறு கீறல்களை மறைக்க உதவும், முழுக் குழலுக்கு உதவாது, சீக்கிரம் தேயும். இராணுவத் துப்பாக்கிகளின் சாம்பல் நிறப் பாஸ்பேட் படலம் உறுதியானது, ஆனால் இப்படிப்பட்ட துப்பாக்கிக்குப் பொருந்தாது. பெரும்பாலான பட்டறைகள் செய்வது சோடியம் ஹைட்ராக்சைடும் நைட்ரேட்டும் கலந்த கொதிகரைசலில் சுமார் 140 டிகிரியில் முக்கியெடுக்கும் முறை. இன்றைய ஒற்றைக்குழல் ரைபிள்களுக்கு அது சரியானது. பழைய இரட்டைக்குழலுக்கு அது பெருங்கேடு: அந்த வெப்பத்தில் ஈயப்பற்று உருகாது என்றாலும், காரம் அதை வேதியியல் முறையில் கரைக்கும், ரிப்புகள் தளர்ந்துவிடும், இடுக்கில் புகுந்த காரம் மாதங்கள் கழித்தும் வெளியே கசியும். ஆகவே பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த முறையில் செய்வீர்கள் என்பதே. ‘தொட்டியில் முக்கி ஒரே நாளில் தருகிறேன்’ என்று பதில் வந்தால், இரட்டைக்குழலை அங்கே கொடுக்காதீர்கள்.

இதற்கு உரியது மெதுவாகத் துருப்பிடிக்கவைக்கும் முறை. குழலில் மெல்லிய, சீரான துருவைத் தாமே வரவழைத்து, அதைக் கொதிநீரில் கருமையாக்கி, தேய்த்தெடுத்து, மறுபடியும் அதையே செய்வதுதான் இதன் சாரம்.

முதல் வேலை பரப்பைத் தயார் செய்வது. முழு வேலையின் தரமும் இங்கேதான் முடிவாகிறது. எஞ்சிய பழைய நிறத்தை வினிகரால் நீக்கிவிட்டு, 240, 320, 400 எண் எமரித் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக, எண்ணெய் தொட்டு, குழலின் நீளவாக்கில் பயன்படுத்த வேண்டும். தாளை விரலால் பிடிக்காமல் மரத்துண்டிலோ கெட்டியான ரப்பரிலோ சுற்றிப் பிடித்தால்தான் ரிப்பின் ஓரங்கள் மழுங்காமல் நேராக நிற்கும். மோட்டாரில் சுழலும் துணிச்சக்கரத்தைக் காட்டவே கூடாது. அது எழுத்துகளைக் கரைத்து, பரப்பை அலையலையாக்கிவிடும். எழுத்தும் எண்ணும் உள்ள இடங்களைச் சுற்றி மட்டுமே தாள் போக வேண்டும். கண்ணாடிபோன்ற பளபளப்பு தேவையில்லை, ஏனெனில் துருவே பரப்பைச் சற்று அரித்து மங்கலாக்கும். 400க்கு மேல் போவது வீண்.

அடுத்து, உட்குழல்களுக்கு வார்னிஷ் பூசி, இரு முனைகளிலும் இறுக்கமான மரத்தக்கைகளை அடைக்க வேண்டும். கொதிக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று விரிந்து தக்கையைத் தெறிக்கவைக்கக்கூடும் என்பதால், தொட்டிக்கு நேராக முகத்தை வைத்துக் குனியக் கூடாது. கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். தக்கைகளை நீளமாக விட்டால் அவையே கைப்பிடியாகவும் உதவும். பிறகு சலவைச் சோடா கரைந்த வெந்நீரில் கழுவி, தூய நீரில் அலசி, நீர் குழலின் மேல் முத்துகளாகத் திரளாமல் ஒரே படலமாக விரிகிறதா என்று பார்க்க வேண்டும். திரண்டால் எண்ணெய் எஞ்சியிருக்கிறது என்று பொருள்; எண்ணெய் எஞ்சிய இடத்தில் நிறம் ஏறாது.

துருவேற்றும் கரைசலைத் தயார்நிலையில் வாங்குவதே நல்லது. பழைய குறிப்புகளில் நைட்ரிக் அமிலத்தோடு பாதரசக் குளோரைடும் வரும். அந்த நஞ்சை வீட்டில் கலக்க வேண்டாம். சிறு பஞ்சைக் கரைசலில் நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து, குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பாகப் பூச வேண்டும். ஒரு முறை போன இடத்தில் மறுமுறை போகக் கூடாது. ஈரம் அதிகமானால் செம்பு நிறத் திட்டுகளும் வடிந்த கோடுகளும் தோன்றும்.

பூசிய குழலைத் தூசி படாமல் தொங்கவிட வேண்டும். குளிர் நாடுகளில் இதற்கென்று வெந்நீர்ப் பாத்திரம் வைத்த ஈரப்பெட்டி செய்கிறார்கள். நம் கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அறைக்காற்றே போதும். சொல்லப்போனால் தேவைக்கு மேலாகவே போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, குழல் முழுவதும் மெல்லிய செம்பொடி சீராகப் படிந்ததும் எடுத்துவிட வேண்டும். இரவு முழுவதும் விட்டுவைக்கலாம் என்று குளிர்நாட்டுக் குறிப்புகள் சொல்வதை இங்கே அப்படியே பின்பற்றினால் குழிகள் விழுந்துவிடும்.

பிறகு, துரு நீக்குவதற்குச் சொன்ன அதே தொட்டியில், அதே டிஸ்டில்டு வாட்டரில், பதினைந்து இருபது நிமிடம் கொதிக்கவிட வேண்டும். செந்நிறம் கருவெல்வெட்டாக மாறும். உலர்ந்ததும் எண்ணெயற்ற ஸ்டீல் வுல்லால் தேய்த்தால், அடியில் இளஞ்சாம்பல் நிறம் தெரியும். முதல் சுற்றில் நிறம் திட்டுத்திட்டாகவும் ஏமாற்றம் தருவதாகவும்தான் இருக்கும். அதைக் கண்டு மனம் தளர்ந்து கரைசலைக் கூடுதலாகப் பூசிவிடக் கூடாது. ஒவ்வொரு சுற்றும் முந்தையதன்மேல் ஒரு படி ஆழத்தைச் சேர்க்கும். ஐந்து முதல் எட்டுச் சுற்றுகளுக்குள் நிறம் மேலும் ஆழமாகாத நிலை வரும். அதற்குப் பிறகும் தொடர்வதால் பயனில்லை. எல்லாச் சுற்றுகளிலும் சுத்தமான கையுறை வேண்டும். ஒரு விரல் பட்டாலும் அந்த அடையாளம் கடைசிவரை தெரியும்.

கடைசிச் சுற்று முடிந்ததும், சிறிது சமையல் சோடா கரைந்த நீரில் குழலைக் கொதிக்கவைத்து, எஞ்சிய அமிலத்தைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். தூய வெந்நீரில் அலசி, சூட்டோடு எண்ணெயைத் தாராளமாக இட்டு, ஒரு நாள் தொடாமல் விட்டுவிட வேண்டும். தக்கைகளை எடுத்து, உட்குழலின் வார்னிஷைத் தின்னரால் முழுவதும் நீக்கி, உள்ளேயும் எண்ணெய் இட வேண்டும். வார்னிஷோ மரத்துணுக்கோ எதுவும் குழலில் தங்கவில்லை என்பதை விளக்கு வைத்துப் பார்க்காமல் துப்பாக்கியைப் பூட்டக் கூடாது. அடுத்த இரண்டு வாரங்களுக்கு அன்றாடம் துணியால் துடைத்துப் பாருங்கள், குறிப்பாக ரிப்பின் ஓரங்களில். அங்கே மீண்டும் செம்மை தலைகாட்டினால், அமிலம் சிறிது தங்கியிருக்கிறது. சமையல் சோடா நீரில் இன்னொரு முறை கொதிக்கவைத்து, உலர்த்தி, எண்ணெய் இட்டால் அடங்கிவிடும்.